மூளைக்குள் ஒரு ரசாயனசாலை

நம் உடலிலுள்ள சுரப்பிகள் தத்தம் ரசங்களை இரத்தத்திற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்புகளையும் ஆள்கின்றன என்பது உடலியல் பயில்வோர் யாவரும் அறிந்ததே. கருப்பையைக் கருவுக்கு ஆயத்தஞ் செய்யும் புரொஜெஸ்டிரோன் அத்தகைய ரசங்களுள் ஒன்று. ஸ்டீராய்டு என்னும் இனத்தைச் சார்ந்தது. 1941ஆம் ஆண்டில் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் ஸெல்யே என்பார் இதனை எலிகளுக்கு ஊசிமூலம் செலுத்தியபோது, அவை உணர்விழந்து உறங்கின. கருப்பைக்குரிய பொருள் மூளையை உறக்குவானேன்? இவ்வினாவிற்கு விடை காண நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1981இல் பிரான்சு தேசத்து எத்தியேன்-எமில் பொலியூவும் அவர்தம் துணைவரும், எலிகளின் அட்ரினல் சுரப்பிகளையும் விந்துச் சுரப்பிகளையும் நீக்கிய பின்னர் அவற்றின் மூளையைச் சோதித்தனர். ஊற்று இரண்டும் அடைபட்டமையின் மூளையிலும் ஸ்டீராய்டுகள் வற்றியிருத்தல் வேண்டும். வற்றவில்லை. மூளை தனக்கு வேண்டுவனவற்றுட் சிலவற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்னும் கருத்து இதனின்றே எழுந்தது. இவற்றிற்கு நியூரோஸ்டீராய்டு என்று பெயரிட்டவரும் பொலியூவே.

இவற்றை ஆக்குவன என்ஸைம் எனப்படும் நொதிகள். முளைகட்டிய தானியத்தின் மாவை இனிப்பாக மாற்றுவதும் ஒரு நொதியே. தான் செலவாகாமல் பிறவற்றை மாற்றுவது அதன் இயல்பு. மூளையில் இவ்வேலைக்கு முதற்பொருள் கொலஸ்ட்ரால். இதய நோயோடு சேர்த்து அதனைப் பழித்தே கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாயிருக்கலாம். 27 கரியணுக்களையுடைய கொலஸ்ட்ராலின் வாலிலிருந்து ஆறு கரியணுக்களை மைட்டோகாண்டிரியாவிலுள்ள ஒரு நொதி வெட்டியெறிகிறது. எஞ்சுவது பிரெக்னெனோலோன். இரண்டாம் நொதி அதனைப் புரொஜெஸ்டிரோன் ஆக்குகிறது. அதன்பின் நிகழ்வதே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஐந்து-ஆல்பா-ரிடக்டேஸ் என்னும் நொதி புரொஜெஸ்டிரோனின் இரட்டைப் பிணைப்பொன்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்க்கிறது. அதனையடுத்த நொதி மேலும் இரண்டைச் சேர்க்கிறது. இங்ஙனம் பிறப்பது அல்லோபிரெக்னனோலோன். கூடியவை நான்கு அணுக்களே. குணமோ முற்றிலும் வேறு.

நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்குவது காபா என்னும் பொருள். அஃது அணுவின் புறத்தேயுள்ள ஏற்பியைச் சேர்ந்ததும் ஒரு வாயில் திறந்து, குளோரைடு அயனிகள் உட்புக, அணு அமைதியுறும். அல்லோபிரெக்னனோலோன் அவ்வாயில் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுகிறது. இத்தகைய ஸ்டீராய்டுகளுக்கும் காபா ஏற்பிக்கும் உள்ள தொடர்பு 1986இல் வெளியாயிற்று. ஸெல்யேயின் எலிகள் உறங்கியதும் பெரிதும் இதனாலேயாம். புகுத்திய புரொஜெஸ்டிரோன் உடலினுள் இந்நொதிகளால் உருமாறிற்று.

கருவுற்ற காலத்தில் தாயின் இரத்தத்தில் இப்பொருள் மிகுந்து, மகப்பேற்றின்பின் சட்டென வீழ்கின்றது. குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் வீடே திளைக்க, தாய் மட்டும் உண்ணாமலும் உறங்காமலும் அழுதிருப்பதைக் கண்டு, அதனைப் பேய்க்கோளென்றும் பிடிவாதமென்றும் பேசுவோர் உளர். அன்னார் இந்த வீழ்ச்சியை அறிதல் நன்று. இம்மாறுதலுக்கு ஈடுகொடுக்க இயலாத மூளைகளும் உண்டென ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2019இல் அமெரிக்க அரசாங்கம், மகப்பேற்றின் பின்வரும் மனச்சோர்வுக்கு இதே பொருளை 60 மணி நேரம் இரத்தக் குழாய் வழியே செலுத்த அனுமதித்தது. இதனையொத்த, வாயால் உட்கொள்ளும் மருந்தொன்று 2023இல் அனுமதி பெற்றது.

இனி, நொதியைத் தடுத்தால் யாதாகும்? ஆண்களின் தலைவழுக்கைக்கு வழங்கப்படும் பினாஸ்டிரைடு, மேற்கூறிய ஐந்து-ஆல்பா-ரிடக்டேஸைத் தடுக்கும் மருந்தாகும். மயிரைக் குறித்தே கவலையுறுவோர் மூளையை நினைப்பதில்லை. உட்கொள்வோருட் சிலருக்கு மனச்சோர்வு உண்டாகலாம் என்னும் எச்சரிக்கை அம்மருந்தின் குறிப்பில் இடம்பெற்றுள்ளது. மூளையில் அந்நொதி தடைபடுவதே இதற்குக் காரணமா என்று இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.