உழைச்செல்வார்

நுழையும்முன்

உடல் நோயைத் தயங்காமல் பிறரிடம் சொல்லும் நாம், மனநோயை மறைக்கவே முயல்கிறோம். அந்நோயுற்றோரின் அருகிலிருந்து பேணுவது தனியொரு துறையாக வளர்ந்துள்ளது. மனநலச் செவிலியம் என்னும் அத்துறையின் அடிப்படைக் கருத்துகள் சிலவற்றை இப்பாடம் விளக்குகிறது.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயுற்றவரின் அருகிலிருந்து மருந்தைத் தவறாமல் கொடுப்பவரையும் வள்ளுவர் எண்ணுகிறார். அவரைக் குறிக்க வள்ளுவர் ஆளும் சொல் 'உழைச்செல்வான்'. 'உழை' என்பதற்குப் பக்கம், அருகு என்பது பொருள். இன்றைய செவிலியருக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் வேறில்லை.

காய்ச்சல் கண்டவரின் அருகில் செல்வது எளிது. வெப்பமானி அளவைக் காட்டும். அவரும் வலியைச் சொல்வார். ஆனால், தம் உணவில் நஞ்சு கலந்திருப்பதாக உறுதியாக நம்பும் ஒருவரிடம் கஞ்சிக் குவளையோடு எவ்வாறு செல்வது? 'நஞ்சு இல்லை' என்று வாதிட்டுப் பயனில்லை. சான்றுகளால் அசையாத நம்பிக்கையையே பிறழ்நம்பிக்கை என்கிறோம். வாதிடுபவரையும் அவர் பகைவர் கூட்டத்தில் சேர்த்துவிடுவார். அனுபவமுள்ள செவிலியர் தோலுரிக்காத வாழைப்பழத்தையும் பிரிக்காத ரொட்டிப் பொட்டலத்தையும் அவர் கையிலேயே கொடுப்பார். பொதுப் பாத்திரத்திலிருந்து அவரே பரிமாறிக்கொள்ளச் செய்வார். நம்பிக்கையை மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. பசி மட்டும் தீர்கிறது.

உறவே கருவி

மனநோயாளரைப் பேணுதல் என்பது நெடுங்காலம் காவல் காப்பதாகவே இருந்தது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இன்றுள்ள மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. அங்கும் பிற நாடுகளிலும் தொடக்கத்தில் இருந்தவை மதிற்சுவரும் பூட்டும் சாவியுமே. 1952ஆம் ஆண்டு இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. மனச்சிதைவு நோயாளர்க்குக் குளோர்புரோமசின் என்னும் மருந்து பயன்படுவதைப் பாரிஸ் மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஹில்டகார்டு பெப்லாவ் என்னும் அமெரிக்கச் செவிலியர், செவிலியருக்கும் நோயாளருக்கும் இடையிலான உறவைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். முதலாவதை உலகம் உடனே கவனித்தது. இரண்டாவது மெதுவாகவே பரவியது. எனினும் செவிலியத்தைப் பொறுத்தவரை அதுவே பெரிய மாற்றம்.

செவிலியரும் நோயாளரும் முதலில் அயலாராகவே சந்திக்கின்றனர் என்பார் பெப்லாவ். தம் பெயர், பணி, எத்தனை நாள் உடனிருப்பார் என்பவற்றைச் செவிலியர் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். பிறகு சிக்கலை இருவரும் சேர்ந்து இனங்காண்பர், அதன்மேல் உழைப்பர், இறுதியில் முறையாகப் பிரிவர். இதில் நம்பிக்கை வளர்வது பெரிய சொற்களால் அன்று. 'நான்கு மணிக்கு வருகிறேன், பத்து நிமிடம் பேசலாம்' என்றவர் நான்கு மணிக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்; ஆனால் நெருக்கடி மிகுந்த நோயர் கூடத்தில் அது எளிதன்று.

இவ்வுறவுக்கு எல்லையும் உண்டு. இது நட்பன்று. 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று ஒருவர் கேட்டால், உயிருக்குத் தீங்கு வரும் செய்தியை மறைக்க இயலாது என்பதைச் செவிலியர் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

கேட்டல்

கீழ்க்காண்பது கற்பனை உரையாடல்.

"சிஸ்டர், சுவருக்குப் பின்னால் நின்று என்னைத் திட்டுகிறார்கள். உங்களுக்குக் கேட்கவில்லையா?"

"எனக்குக் கேட்கவில்லை ஐயா. ஆனால் உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது. அது அச்சமாக இருக்கிறதா?"

"ஆமாம். இரவெல்லாம் தூங்கவில்லை."

"அந்தக் குரல் எதையாவது செய்யச் சொல்கிறதா?"

செவிலியர் பொய் சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. குரல் மெய்யன்று, அச்சம் மெய். அவர் அச்சத்துக்கு மறுமொழி தருகிறார். கடைசி வினாவே மிக இன்றியமையாதது. தம்மையோ பிறரையோ துன்புறுத்துமாறு குரல் ஏவினால், அதை உடனே மருத்துவருக்குத் தெரிவித்து, அவரைத் தனியே விடாமல் காக்க வேண்டும்.

இத்தகைய நேரடி வினாவைத் தற்கொலை எண்ணம் குறித்தும் கேட்கத் தயங்கக்கூடாது. கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடும் என்பது தவறான அச்சம். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். கடும் மனச்சோர்வுற்றவர் தேறத் தொடங்கும் நாள்களில் கண்காணிப்பைத் தளர்த்தலாகாது. துயரம் நீங்குமுன்பே உடலில் ஊக்கம் திரும்பிவிடுவதுண்டு. வீட்டார் மகிழும் அந்நாள்களில் செவிலியரின் விழிப்பு மிகுதியாக வேண்டும்.

தெரிந்து தெளிவோம்: மனநல உதவிக்கு இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. இதன் எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சங்கிலி

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகமொன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. மனநோயாளர் 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீயைக் கண்டும் ஓட இயலவில்லை. உச்ச நீதிமன்றம் இந்நிகழ்வைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளரை எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தனியறையில் அடைப்பதற்கும் இடமில்லை. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்துக்கு மட்டுமே கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது என்பதோடு, பணியாளர் போதவில்லை என்பதற்காகவும் கட்டக் கூடாது என்கிறது சட்டம். நடைமுறையை அறிந்தோரே எழுதியிருக்கக்கூடிய விதி அது. கட்டுகள் பெரும்பாலும் கொடுமையால் நேர்வதில்லை. ஆள் பற்றாமையால் நேர்கின்றன.

ஆதலால் சினம் முற்றுமுன் அதைத் தணிப்பது செவிலியரின் முதன்மைத் திறன். நேரெதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், கையெட்டாத் தொலைவில் நிற்பர், வாயிலை மறிக்கமாட்டார்கள். பலர் ஒருசேரப் பேசாமல் ஒருவரே தாழ்ந்த குரலில் பேசுவர். 'தண்ணீர் வேண்டுமா, வெளியே நடந்து வரலாமா?' எனத் தெரிவுகளைத் தருவர்.

வீடு திரும்புதல்

1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், நோயாளரின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். நோயைப் பற்றி அறிந்த குடும்பத்தார் நோயாளரை அச்சமின்றி அழைத்துச் சென்றனர்.

எனவே, வீட்டுக்கு அனுப்பும் நாளன்று செவிலியர் மருந்துச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. லித்தியம் உட்கொள்பவரானால், போதிய நீர் பருக வேண்டும், உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கக் கூடாது, வாந்தி, கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பவற்றை விளக்குவார். நலமாகிவிட்டது என்று தாமே மருந்தை நிறுத்துவதால் நோய் மீள்வது மிகுதி என்பதையும் சொல்வார். நோய் திரும்புவதன் முதல் அடையாளங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும்: ஒருவருக்கு உறக்கம் குறையும், மற்றொருவர் குளிப்பதை விட்டுவிடுவார், இன்னொருவர் ஓயாமல் பேசுவார். 'சென்றமுறை எது முதலில் மாறியது?' என்று செவிலியர் கேட்பார். அதற்கு விடை தாயிடமோ உடன்பிறந்தாரிடமோ இருக்கும். அது பதிவேட்டில் எழுதப்படும்.