வெங்காயமும் செங்காந்தளும் ஒரே குடும்பமா?

வெங்காய விதை கறுப்பு. செங்காந்தள் விதை சிவப்பு. இரண்டையும் பயிரிடும் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டார விவசாயிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் தாவரவியலார் வெகுகாலம் நடத்திய ஒரு வழக்கில் இந்த நிற வேறுபாடும் ஒரு முக்கிய சாட்சி என்பது பலர் அறியாதது.

வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, நரிவெங்காயம், கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தள் ஆகிய எல்லாம் 'லிலியேசி' என்னும் லில்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றே கல்லூரிப் பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. இன்றைய வகைப்பாட்டில் இந்த ஆறில் ஒன்றுகூட லில்லிக் குடும்பத்தில் இல்லை. பெயர் மாற்றம் ஏட்டோடு நிற்கும் காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கிழங்கு மாறிப்போய்த் தின்றுவிட்ட ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லும்போது, அது எந்தக் குடும்பத்துக் கிழங்கு என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. குளத்து அல்லியையும் ஆங்கிலத்தில் லில்லி என்றே சொல்வதால் இரண்டும் உறவு என்று எண்ணுவோர் உண்டு. அல்லிக்கும் லில்லிக்கும் எந்த உறவும் இல்லை. அசல் லில்லியைப் பார்க்க விரும்புவோர் மலை ஏற வேண்டும். நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிச் சரிவுகளில் நீண்ட குழல் போன்ற வெண்ணிறப் பூக்களோடு தானாக வளரும் நீலகிரி லில்லியே உண்மையான லில்லி. நீலகிரியில் பசுமைக்குடில்களில் கொய்மலராகப் பயிராகும் 'லிலியம்' ரகங்களும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

எண்ணிக்கையில் தொடங்கிய முறை

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தாவரங்களை மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்தார். ஆறு மகரந்தத் தாள்கள் உடையவை ஒரு வகுப்பு. அதில் சூல்தண்டு ஒன்றே உடையவை முதல் பிரிவு. லில்லி, வெங்காயம், கற்றாழை, செங்காந்தள் ஆகியவை இந்தப் பிரிவில் ஒன்றாக அமர்ந்தன. அந்த வகுப்பிலேயே அடுத்த பிரிவில் நெல்லும் இருந்தது! நெற்பூவைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் அதிலும் ஆறு மகரந்தத் தாள்கள் இருப்பதைக் காணலாம். எண்ணுவதற்குச் சுலபமான முறைதான். ஆனால் உறவைக் காட்டும் முறை அல்ல.

பிரான்சு நாட்டு ஜூசியூ 1789ஆம் ஆண்டில் ஒரே உறுப்பை நம்பாமல் பல உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களை வகுத்தார். லில்லிக் குடும்பம் அவரிடமிருந்து வந்ததே. பின்னர் இங்கிலாந்தின் பெந்தாம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூல்தான் நம் நாட்டில் நிலைத்தது. கேம்பிள் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலும் (1915–1936) அந்த முறையையே தழுவியது. இந்தியாவின் பல உலர்தாவரக் காப்பகங்களில் தாள்கள் இன்றும் அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டுள்ளன.

பெந்தாம்-ஹூக்கர் முறையில் லில்லிக் குடும்பத்தின் அடையாளம் எளிதானது. பூவிதழ்கள் மூன்றும் மூன்றுமாக ஆறு, மகரந்தத் தாள்கள் ஆறு, மூன்று அறைகள் கொண்ட சூலகம். அந்தச் சூலகம் இதழ்களுக்கு மேலே இருக்க வேண்டும். மேல், கீழ் என்றால் என்ன என்பதை அறியப் பூசணியையும் கத்தரியையும் பார்த்தால் போதும். பூசணியின் பெண்பூவில் பிஞ்சு பூவுக்கு அடியில் இருக்கிறது, அது கீழ்ச்சூலகம். கத்தரிக்காயின் காம்புப் பக்கத்தில் புல்லிவட்டம் ஒட்டிக்கொண்டிருக்க, காய் அதற்கு மேலே வளர்கிறது, அது மேல்சூலகம். மற்றதெல்லாம் ஒத்திருந்தும் கீழ்ச்சூலகம் உடையவற்றை அமரில்லிடேசி என்று வேறு குடும்பமாக வைத்தனர். விஷமூங்கில், மழை லில்லி, சம்பங்கி, நார் எடுக்கும் ஆனைக்கற்றாழை ஆகியவை அங்கே போயின.

சூலகம் சொன்னது சரியா?

இந்த ஒரே அடையாளத்தை அவ்வளவு நம்பலாமா என்ற ஐயம் 1930களில் எழுந்தது. ஆனைக்கற்றாழைக்குக் கீழ்ச்சூலகம். அதே போன்ற கூரிய இலைகளுள்ள யுக்கா என்னும் செடிக்கு மேல்சூலகம். ஆகவே இரண்டும் வெவ்வேறு குடும்பங்களில் இருந்தன. ஆனால் 1933ஆம் ஆண்டில் இவற்றின் குரோமோசோம்களை ஆராய்ந்தபோது, இரண்டிலும் பெரியவை 5 ஜோடி, சிறியவை 25 ஜோடி என ஒரே அமைப்பு காணப்பட்டது. இத்தகைய விசித்திரமான அமைப்பு தற்செயலாக இரண்டு குடும்பங்களில் வர வாய்ப்பில்லை. சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் பயிராகும் சம்பங்கியிலும் இதே 5-ம் 25-ம் உண்டு. பூச்சரத்தில் மணக்கும் சம்பங்கிக்கும் வேலியில் நிற்கும் ஆனைக்கற்றாழைக்கும் இத்தனை நெருங்கிய உறவா என்று வியப்பாக இருக்கலாம். இப்போது சம்பங்கியை ஆனைக்கற்றாழையின் பேரினமான அகேவ் என்பதிலேயே சேர்த்துவிட்டனர். இரண்டுக்கும் பூர்வீகமும் மெக்சிகோ பக்கமே.

ஹட்சின்சன் 1934ஆம் ஆண்டில் சூலகத்தை விட்டுப் பூங்கொத்தைப் பார்த்தார். வெங்காயத் தாரில் எல்லாப் பூக்காம்புகளும் ஒரே இடத்திலிருந்து குடைக்கம்பிகளைப் போல் விரிகின்றன. அமரில்லிடேசியிலும் அப்படியே. எனவே மேல்சூலகம் உடையதாயினும் வெங்காயம் அங்கே இருக்க வேண்டியது என்றார். அப்போது பலர் ஏற்கவில்லை. அமெரிக்காவின் கிரான்கிஸ்ட் 1981ஆம் ஆண்டில் நேர் எதிராக, அமரில்லிடேசியையே லில்லிக் குடும்பத்துக்குள் கொட்டி, ஏறத்தாழ 4000 இனங்கள் கொண்ட ஒரு பெரிய மூட்டையாகக் கட்டினார். நான்கே ஆண்டுகளில், 1985ல், டால்கிரன் முதலியோர் அந்த மூட்டையை அவிழ்த்துப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்தனர்.

கறுப்பு விதையின் சாட்சி

டால்கிரன் கவனித்த அடையாளங்களில் ஒன்றே விதையின் நிறம். வெங்காய விதையின் மேல்தோலில் 'பைட்டோமெலான்' என்னும் கரிபோன்ற கறுப்புப் பொருள் படிந்துள்ளது. ஆனைக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு ஆகியவற்றின் விதைகளிலும் அது உண்டு. லில்லியிலும் செங்காந்தளிலும் இல்லை. தேன் ஊறும் இடமும் வேறு. வெங்காயப் பூவில் சூலகச் சுவரில் உள்ள பிளவுகளிலிருந்து தேன் கசிகிறது. லில்லியிலும் செங்காந்தளிலும் இதழ்களின் அடியில் ஊறுகிறது. இவற்றைக் கொண்டு கறுப்பு விதைக் கூட்டத்தை அஸ்பராகேல்ஸ் என்றும், மற்றதை லிலியேல்ஸ் என்றும் இரண்டு வரிசைகளாக வைத்தார். விதிவிலக்குகளும் இருக்கின்றன. விஷமூங்கில் முதல் வரிசையைச் சேர்ந்ததாயினும் அதன் விதை பச்சை நிறத்தில் சதைப்பற்றோடு பெரிதாக இருக்கும்.

பிறகு வந்தது மரபணு ஆராய்ச்சி. 1993ஆம் ஆண்டில் மார்க் சேஸ் முதலிய பல விஞ்ஞானிகள் ஏறத்தாழ 500 தாவரங்களில், ஒளிச்சேர்க்கைக்குரிய ஒரு மரபணுவின் எழுத்து வரிசையை ஒப்பிட்டு உறவு மரம் ஒன்றை வரைந்தனர். டால்கிரனின் இரண்டு வரிசைகளும் பெருமளவு சரி என்று அது காட்டியது. அதன் அடிப்படையில் 1998ல் வெளியாகி, 2003, 2009, 2016ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்ட வகைப்பாடே இப்போது உலகெங்கும் வழங்குகிறது. ஹட்சின்சன் வெங்காயத்தைப் பற்றிச் சொன்னதும் பலித்தது. வெங்காயமும் பூண்டும் இன்று அமரில்லிடேசியில் இருக்கின்றன. சோற்றுக்கற்றாழை அஸ்போடலேசி. தண்ணீர்விட்டான் கிழங்கு, சம்பங்கி, ஆனைக்கற்றாழை, நரிவெங்காயம் ஆகியவை அஸ்பராகேசி. செங்காந்தள் கொல்சிகேசி. லில்லி, டூலிப் முதலிய சில பேரினங்களோடு லில்லிக் குடும்பம் சுருங்கிவிட்டது.

இரண்டு கற்றாழைகளும் வேறு குடும்பம் என்பதை நினைவில் வைப்பது பயன் தரும். சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும். ஆனைக்கற்றாழை ஒரே முறை பூத்து மடியும். ஆனைக்கற்றாழைச் சாறு தோலில் பட்டால் அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். 'கற்றாழை' என்ற பெயரை நம்பி அதை முகத்தில் தடவுவது கூடாது.

மூன்று நஞ்சுகள்

வெங்காயத்தைப் போலவே தோல் தோலாக உரியும் நரிவெங்காயம் கரடுகளிலும் தரிசுகளிலும் கிடைக்கிறது. அதற்கு வெங்காய வாசனை இல்லை. வெங்காய நெடி தரும் கந்தகப் பொருள்கள் வெங்காயக் கூட்டத்துக்கு உரியவை. ஆகவே இலையைக் கசக்கி முகர்ந்து நெடி இல்லையென்றால் அது வெங்காயம் அல்ல என்று ஒதுக்கிவிட வேண்டும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. நரிவெங்காயத்தின் நஞ்சு இதயத்துடிப்பைத் தாக்குவது. விஷமூங்கில் கிழங்கின் நஞ்சு கடும் வாந்தியை உண்டாக்குவது. கண்வலிக்கிழங்கின் நஞ்சோ இவ்விரண்டிலும் சேராதது. அதிலுள்ள 'கொல்சிசின்' உடலில் செல்கள் பிரிவதையே நிறுத்திவிடும். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். அது நின்று தேறிவிட்டதுபோல் தோன்றினாலும் பின்னர் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். சர்க்கரைவள்ளி என்று எண்ணி வேகவைத்துத் தின்றவர்கள் மாண்டிருக்கிறார்கள். வேகவைப்பதால் நஞ்சு போவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மீந்த கிழங்கையோ, கொடியின் ஒரு துண்டையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இலை நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருப்பதைக் கண்டாலே இன்னது என்று தெரிந்துவிடும். விதைக்கிழங்கை உண்ணும் கிழங்குகளோடு ஒரே அறையில் ஒருபோதும் வைக்கலாகாது.

அந்த நஞ்சுதான் பயிரின் மதிப்பும். 1820ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் கொல்சிக்கம் என்னும் செடியிலிருந்து பெல்லெட்டியே, கவாந்து இருவரும் பிரித்தெடுத்த கொல்சிசின், கௌட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. குரோமோசோம்களை இரட்டிக்கப் பயிர்ப்பெருக்க விஞ்ஞானிகளுக்கு அது 1937 முதல் பயன்பட்டு வருகிறது. கொல்சிக்கமும் செங்காந்தளும் பார்வைக்குச் சற்றும் ஒத்தவை அல்ல. ஒன்று தரையோடு பூப்பது, மற்றது கொடி. பெந்தாம்-ஹூக்கர் நூலில் அவை லில்லிக் குடும்பத்தின் வெவ்வேறு உட்பிரிவுகளில் கிடந்தன. இன்று இரண்டும் ஒரே குடும்பம். நம் புல்வெளிகளில் முளைக்கும் இபிஜீனியா என்னும் சிறு செடியும் அதே குடும்பத்தில் சேர்ந்துள்ளது. அதிலும் கொல்சிசின் உண்டு. நல்ல வகைப்பாட்டின் பயன் இதுவே. எந்தச் செடியில் எந்த மருந்தைத் தேடலாம் என்று முன்கூட்டியே அது கைகாட்டுகிறது.

ஆனால் செங்காந்தளைத் தின்னும் லில்லிப் புழு மட்டும் புதிய வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை! கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள் உள்ள இந்தப் புழு, செங்காந்தள் இலையை மொட்டையடிப்பதோடு, வேறு வரிசையைச் சேர்ந்த விஷமூங்கில், மழை லில்லி ஆகியவற்றையும் விடுவதில்லை. எனவே செங்காந்தள் வயலின் ஓரத்திலோ வீட்டு வாசலிலோ இச்செடிகளை வளர்ப்போர், பயிரில் புழு தென்படும் காலத்தில் அவற்றின் இலைகளையும் திருப்பிப் பார்த்துப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும்.