ரசனைக்கு ரேஷன் கார்டு வேண்டுமா?

கேள்வி: ‘மெட்டி ஒலி’யை இப்போது பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. எல்லோரும் கொண்டாடும் சில வெப் சீரிஸில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். என் ரசனை மட்டமானதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தூக்கமும் ஒரு விமர்சனம்தான், அம்மா! 2002-ல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’யில் இயக்குநர் திருமுருகன் சொன்னது ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை. வில்லியின் சதிகளை நம்பாமல், சம்பந்தி வீட்டுப் பேச்சையும் சீர்வரிசைக் கணக்கையும் நம்பிய தொடர் அது. 2020 ஊரடங்கில் மறு ஒளிபரப்பு செய்தபோதும் வீடுகளில் பார்த்தார்கள். ஆகவே, நீங்கள் தனி ஆள் இல்லை.

அதற்காக வெப் சீரிஸை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். 2022-ல் வந்த ‘சுழல்’ முதல் சீசன் எட்டே பகுதிகள்தான். மயானக் கொள்ளைத் திருவிழாவோடு ஒரு பெண் காணாமல்போன கதையைப் பின்னியிருப்பார்கள். நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடர் பிடித்தவர் என்றால், இதில் தூங்க மாட்டீர்கள்.

நிதானமான படம்தான் வேண்டுமென்றால், பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ பாருங்கள். அதிலும் பேச்சு கொஞ்சம் நீளம்தான். வெளியான பிறகு 18 நிமிடங்களை வெட்டினார்கள். ஆனாலும் இரண்டு நாயகர்களின் பேச்சுதான் படத்தின் உயிர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை என்பதால், உங்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும்.

பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லுங்கள். ஏன் பிடித்தது என்றும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால், நீங்களும் விமர்சகர்தான்.