மழைத் தீவில் மரத் திண்ணை

அந்தமான் தீவுகள் வங்கக் கடலில் இருக்கின்றன. சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். தலைநகரின் பெயர் போர்ட் பிளேர். 2024ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள் என்று பல ஊர் மக்கள் அங்கே கலந்து வாழ்கிறார்கள்.

அங்கே மழை அதிகம். சென்னையில் ஓர் ஆண்டில் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போர்ட் பிளேரில் சுமார் 3000 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கும் மேல்! மே மாதம் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வெயில் காயும். காற்றிலே எப்போதும் கடல் ஈரமும் உப்பும் இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் மர வீடு நிலைக்குமா? நிலைக்கும். அங்கே பழைய மர வீடுகள் பல உண்டு. தூண் நட்டு, அதன் மேல் தரையை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்கு முன்னால் பலகைத் திண்ணை இருக்கும். பாக்கு உரிப்பது, பிள்ளைகள் படிப்பது, மாலையில் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அந்தத் திண்ணையில்தான். வெயிலும் மழையும் முதலில் தாக்குவதும் அதைத்தான்.

முன்பெல்லாம் பலகை கெட்டால் வேறு பலகை போடுவார்கள். மரத்துக்குப் பஞ்சம் இல்லை. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சாத்தம் என்ற சின்னத் தீவில் 1883ஆம் ஆண்டிலேயே அரசு மர அறுவை மில் தொடங்கிவிட்டது. ஆனால் காடு குறைந்துகொண்டே வந்தது. 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீவுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இப்போது நல்ல பலகை எளிதில் கிடைப்பதில்லை. இருக்கிற பலகையைக் காப்பாற்றத் தெரிந்தால்தான் பிழைக்கலாம்.

ரங்கத் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மழைக் காலம் முடிந்த நேரம். அந்த வீட்டு மாமியார் திண்ணையில் கால் வைத்தார். பலகை உடைந்து கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. மருமகள் தச்சரை அழைத்து வந்தார்.

"போன வருஷம்தானே அண்ணே பெயிண்ட் அடிச்சோம்? அதுக்குள்ள எப்படி மக்கிப் போச்சு?"

"பெயிண்ட் அடிச்சதாலதான் தங்கச்சி" என்றார் தச்சர்.

மருமகளுக்குப் புரியவில்லை. தச்சர் உளியால் பெயிண்டைச் சுரண்டிக் காட்டினார். மேலே பளபளப்பு. அடியிலே மரம் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது.

மரம் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கும். பெயிண்ட் என்பது மரத்தின் மேல் போர்த்திய தோல் மாதிரி. பலகை உப்பிச் சுருங்கும்போது அந்தத் தோல் அதே அளவுக்கு அசையாது. ஆணி அடித்த இடத்திலும் பலகையின் முனையிலும் வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போன தண்ணீர் காய வழி இல்லை, மேலேதான் பெயிண்ட் மூடியிருக்கிறதே! ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? அதேதான் பலகைக்குள்ளும் நடக்கும். பூஞ்சணம் பிடிக்கும். மரத்தை மக்க வைப்பது இந்தப் பூஞ்சணம்தான். மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே ஈரம் இருந்தால் பூஞ்சணம் வளர முடியாது. வார்னிஷும் பெயிண்ட் மாதிரிதான். கதவுக்கு உள்பக்கம் அடிக்கலாம். மழையில் நனைந்து, காலால் மிதிபடும் தரைக்கு அது சரிப்படாது.

பின்னே எதைப் பூசுவது? மரத்துக்குள் ஊறிப் போகும் பூச்சு வேண்டும். கடையில் வெளிப்புற வுட் ஸ்டெயின் என்று கேட்டால் கொடுப்பார்கள். இதில் எண்ணெய், நிறம், பூஞ்சண மருந்து மூன்றும் இருக்கும். நிறம் அழகுக்கு மட்டும் இல்லை. வெயிலில் கிடக்கும் மரம் சாம்பல் நிறமாவதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசைப் பொருளை வெயில் அரித்துவிடுகிறது. நிறம் வெயிலைத் தடுக்கும் குடை. ஒரு நிறமும் இல்லாத தெளிந்த பூச்சு வெயிலுக்கு அதிகம் தாங்காது.

சிலர் ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள். கடைக்காரர் டபுள் பாயில்ட் லின்சீட் ஆயில் என்பார். விலை குறைவுதான். டர்பன்டைன் கலந்து மெல்லியதாகப் பூசி, மரம் குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஆனால் அந்தமான் மாதிரி ஈரமான ஊரில் வெறும் எண்ணெயில் கறுப்புப் பூஞ்சணம் படரும். கையில் காசு இருந்தால் மருந்து கலந்த ஸ்டெயினே மேல்.

வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கமும் பல ஊரில் உண்டு. காசு செலவில்லை, கரையான் வராது என்பார்கள். இதை விட்டுவிடுங்கள். அந்த ஆயிலில் உடம்புக்குக் கெடுதலான பொருள்கள் உண்டு. குழந்தை தவழும் தரை அது. மழை அதைக் கழுவிக் கிணற்றுப் பக்கம் கொண்டு போகும். தீப்பிடித்தால் வேகமாக எரியும்.

வேலைக்கு முன்

தச்சர் முதலில் டப்பாவைத் திறக்கவில்லை. கையில் ஒரு கூரான கம்பியோடு திண்ணைக்கு அடியில் குனிந்து போனார். ஒவ்வொரு பலகையையும் உத்திரத்தையும் குத்திப் பார்த்தார். கம்பி சுலபமாக இறங்கிய பலகைகள் மூன்று. அவற்றை மாற்றியே ஆக வேண்டும். மக்கிய மரத்தின் மேல் என்ன பூசினாலும் வீண்.

ஒரு தூணில் விரல் பருமனுக்கு மண் கோடு ஏறியிருந்தது. அது கரையான் கட்டிய பாதை. அந்தத் தூண் நேராக மண்ணில் நட்டிருந்தது. மற்றத் தூண்கள் சிமெண்ட் கட்டையின் மேல் நின்றன. அவற்றில் கரையான் இல்லை. திண்ணைக்கு அடியில் விறகும் பழைய சாக்கும் அடைத்து வைத்திருந்தார்கள். அவற்றை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். அடியில் காற்று ஓடினால்தான் பலகை காயும்.

புதுப் பலகை போடும்போது இரண்டு பலகைக்கு நடுவே சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். ஒரு தடித்த ஆணி நுழையும் அளவு. மழைத் தண்ணீர் அந்த வழியாக வடிந்துவிடும். சாதா இரும்பு ஆணி உப்புக் காற்றில் துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். துத்தநாகம் பூசிய திருகாணி போட்டார்.

அங்கே கிடைக்கும் மரத்தில் படாக் உயர்ந்தது. சிவப்பாக இருக்கும். நம் ஊர் வேங்கையின் உறவுக்கார மரம். அதன் வைரம் பாய்ந்த பகுதி கரையானுக்கு எளிதில் அசையாது. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பலம் இல்லை. குர்ஜன் என்ற மரமும் உண்டு. அதை மருந்து ஏற்றாமல் வெளியில் போட்டால் கரையானுக்கு விருந்துதான். மருந்து ஏற்றிய பலகையின் துண்டுகளை அடுப்பில் வைக்கக் கூடாது. புகை நஞ்சு.

பிறகு பழைய பெயிண்டை எடுக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே உலர்ந்த பெயிண்டைத் தேய்க்காதீர்கள், தீயில் காட்டிச் சுடாதீர்கள். தண்ணீர் தொட்டு, அதற்கான உப்புத்தாளால் ஈரமாகத் தேயுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். சுரண்டியதைச் சாக்கு விரித்துச் சேர்த்து எடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உப்புத்தாளின் பின்னால் ஓர் எண் இருக்கும். எண் சிறியதானால் தாள் சொரசொரப்பு. எண் பெரியதானால் தாள் வழவழப்பு. தரைக்கு 60 அல்லது 80 போதும். கண்ணாடி போல் இழைத்துவிட்டால் ஸ்டெயின் ஊறாது.

கடைசியாகச் சலவை சோடா கரைத்த தண்ணீர் ஊற்றி, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். நல்ல தண்ணீரில் அலசி, மூன்று நாள் வெயிலில் காய விட்டார்கள். அது ஜனவரி மாதம். இந்த வேலைக்கு அந்தமானில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. ஈர மரம் எண்ணெய் குடிக்காது.

டப்பாவில் உள்ள எண்கள்

கடைக்காரர் 5 லிட்டர் டப்பாவை எடுத்து வைத்தார். மருமகள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த இங்கிலீஷ் வாசகம் முழுதும் அவருக்குப் புரியவில்லை. ஆனால் எண்களைப் படிக்க முடிந்தது. புரியாத சொல்லைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டார். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்கு வரும் என்று போட்டிருந்தது.

திண்ணையின் நீளம் 4 மீட்டர். அகலம் 3 மீட்டர்.
4 x 3 = 12 சதுர மீட்டர்.
இரண்டு முறை பூச வேண்டும். 12 x 2 = 24.
24 ÷ 8 = 3.

"மூணு லிட்டர் போதும் அண்ணாச்சி" என்றார். இரண்டு லிட்டர் காசு மிச்சம்.

பூசுவது கஷ்டமில்லை. காலைப் பனி காய்ந்த பிறகு, பலகை சூடாவதற்கு முன் தொடங்க வேண்டும். கொதிக்கும் பலகையில் பூசினால் மேலேயே உலர்ந்துவிடும். நார் ஓடும் திசையிலேயே பிரஷ் ஓட வேண்டும். பலகையின் வெட்டு முனைகளை மறக்காதீர்கள். மரம் தண்ணீர் குடிக்கும் வாய் அதுதான். அங்கே இரண்டு மூன்று முறை நன்றாக ஊறும்படி பூசுங்கள். முடிந்தால் பலகையைப் போடுவதற்கு முன்பே அடிப்பக்கமும் பூசிவிடலாம். முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பது டப்பாவில் இருக்கும்.

வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்காரர் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி, சமையல் அறைக்குப் பின்னால் போட்டார். தச்சர் ஓடிப் போய் எடுத்தார்.

"தம்பி, ராத்திரி வீடு எரிஞ்சா என்ன செய்வீங்க?"

அவர் சொன்னது விளையாட்டு இல்லை. ஆளி விதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். துணியைக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற முடியாது. நெருப்புப் பெட்டி இல்லாமலே சில மணி நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். பல ஸ்டெயின்களிலும் இதே எண்ணெய் உண்டு. துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மறு ஆண்டு பூச வேண்டுமா என்று எப்படித் தெரியும்? மழை முடிந்து பலகை காய்ந்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. சில நிமிடத்தில் மரம் குடித்துவிட்டால் பூச வேண்டும். தரைக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்படும். தூணும் கைப்பிடியும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். பூந்தொட்டியைப் பலகை மேல் நேராக வைக்காதீர்கள். அடியில் இரண்டு கட்டை கொடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு திண்ணையின் நீளம் 5 மீட்டர், அகலம் 2 மீட்டர். இரண்டு முறை பூச வேண்டும். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்கு வரும். கடையில் 1 லிட்டர் டப்பாவும் அரை லிட்டர் டப்பாவும் இருக்கின்றன. எதை எத்தனை வாங்குவீர்கள்?