முழங்காலுக்கு ஜாதகம் கணிக்காதே

அன்புள்ள தேன்மொழிக்கு,

உன் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. அகாடமியில் சேர்ந்த கையோடு பிள்ளைகள் எல்லோரையும் பெட்டிமேலிருந்து குதிக்கவைத்து, செல்போனில் படம் பிடித்து, மதிப்பெண் போட்டிருக்கிறாய். உழைப்பு தெரிகிறது. ஆனால் முட்டி உள்பக்கம் சாய்கிற பிள்ளைகளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, இந்த சீசன் இவர்களை உட்காரவைக்கலாமா என்று கேட்கிறாயே, அதைமட்டும் செய்யாதே.

நீ பார்த்தது பொய்யில்லை. முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் பெரும்பாலும் யாரும் மோதாமலேயே அறுகிறது. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போதோ, ஒற்றைக்காலில் இறங்கும்போதோ முட்டி உள்ளே சாய்கிறது. கால் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடியில் அறுந்துவிடுகிறது. ஒரே ஆட்டத்தில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு ஆபத்து. 2005இல் அமெரிக்காவில் திமோதி ஹியூவெட் குழு 205 விளையாட்டு வீராங்கனைகளைக் குதிக்கவைத்து அளந்தது. பின்னால் காயப்பட்ட ஒன்பது பேரின் முட்டி சராசரியாக மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே சாய்ந்திருந்தது. அன்று விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற எங்கள் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் அங்கே எல்லைக்கோடு கிழித்தது, யார் காயப்பட்டார்கள் என்று தெரிந்த பிறகு. அதே கோடு அடுத்த கூட்டத்துக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

நீ பயன்படுத்திய மதிப்பெண் முறையையே எடுத்துக்கொள். 2015இல் டாரின் படுவா குழு 829 இளம் கால்பந்து ஆட்டக்காரர்களிடம் அதைச் சோதித்தது. ஏழு பேருக்குத் தசைநார் அறுந்தது. அதில் ஆறு பேரைச் சோதனை முன்பே பிடித்திருந்தது. கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடு. காயப்படாதவர்களில் 64 சதவீதம் பேரைத்தான் அது சரியாக விலக்கியது. அதாவது சுமார் முந்நூறு பேருக்கு ஆபத்து என்று முத்திரை. அடிபட்டதோ ஆறு பேர். ஏழாவது பிள்ளை 'நல்லவர்கள்' வரிசையில் நின்றிருந்தாள், அல்லது நின்றிருந்தான். 2016இல் நார்வேயில் 710 கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்தக் குதிக்கும் சோதனை காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாக இருந்தது. அதே ஆண்டு ஆஸ்லோவின் ரோல்டு பார், காயத்தை முன்கூட்டிச் சொல்லும் சோதனைகள் பலிக்கவில்லை, இனியும் பெரும்பாலும் பலிக்காது என்றே எழுதினார்.

வேறு எப்படி இருக்கும்? உன் எதிரில் நிதானமாகக் குதிக்கிற பிள்ளை வேறு. எண்பதாவது நிமிடத்தில் களைத்துப்போய், ஈரப் புல்லில், எதிராளி தோளில் இடிக்கத் திரும்புகிற பிள்ளை வேறு. அந்த நிமிடத்துக்கு உன் பெட்டியிடம் ஜாதகம் கிடையாது.

இன்னொன்றையும் யோசி. பெண்ணை மைதானத்துக்கு அனுப்பத் தயங்குகிற வீடுகளுக்கு உன் சிவப்பு மை ஒரு சாக்காகிவிடும். அந்தப் பிள்ளையே பயந்து பயந்து காலை ஊன்றுவாள். சிவப்பு வராதவளோ பயிற்சி தனக்கு வேண்டாம் என்று இருந்துவிடுவாள். எனக்கு இதுதான் பெரிய கவலை.

அப்படியானால் என்ன செய்வது? சுவீடனில் 12 முதல் 17 வயதுவரை 4,564 கால்பந்துப் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது, 2012இல் வெளிவந்தது. யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. பாதி அணிகளுக்கு வாரம் இரண்டு முறை, பதினைந்து நிமிட வார்ம்-அப்: ஒற்றைக்கால் குந்தல், இடுப்பைத் தூக்குதல், லஞ்ச், குதித்து மெத்தென்று இறங்குதல், இப்படி ஆறு பயிற்சிகள். முட்டி கால்விரலுக்கு நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது. அதற்குப் பெட்டியும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். கோச் ஒத்துழைத்தால் போதும். அவரைச் சம்மதிக்கவைப்பதுதான் உன் முதல் வேலை. மழை, மேட்ச் என்று சொல்லி அந்தப் பதினைந்து நிமிடத்தை வெட்ட விடாதே.

எடுத்த வீடியோவை வீணாக்காதே, கண்ணு. அவளவளிடம் காட்டி, "இப்படி இறங்கிப் பார்" என்று சொல்லிக்கொடு. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து மாற்றத்தைப் பார். அதற்கு அது நல்ல கருவி.

பட்டியல் போட்டே ஆக வேண்டுமென்றால், முன்பு ஏ.சி.எல். அறுவை சிகிச்சை ஆனவர்களைப் போடு. மீண்டும் அறுபட அவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலும் நார்வேயிலும் சேர்ந்து நடந்த ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம்வரை தள்ளிய ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. எந்தக் கோப்பை வந்தாலும், யார் கெஞ்சினாலும், ஒன்பது மாதம் முடியாமல் அவர்களில் ஒருத்தியையும் களத்தில் இறக்காதே.

அன்புடன்,
அத்தை