ஆரணி வீட்டுக்குப் புரொபேட் எதற்கு?

நம்பிக்கை: உயில் எழுதினால் பிள்ளைகள் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

உண்மை: இந்தப் பயத்திலேயே உயில் எழுதாமல் போய்ச்சேர்ந்தவர்கள் உண்டு. புரொபேட் என்பது உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று வாங்குவது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்துக்கள், சமணர்கள் முதலியோருக்கு அதைக் கட்டாயமாக்கியது சென்னை, பம்பாய் நகர எல்லைகளிலும் வங்காளத்திலும்தான். ஆரணியில் எழுதி, ஆரணி வீட்டைப் பற்றி மட்டும் பேசும் உயிலுக்கு அது கட்டாயமாக இருந்ததே இல்லை. சென்னையில் ஃபிளாட் வாங்கிப் போட்ட ஜவுளிக்காரர்களுக்குத்தான் அந்தக் கவலை இருந்தது. 2025 டிசம்பரில் அதற்குக் காரணமான 213-ஆம் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

நம்பிக்கை: பத்திர ஆபீசில் பதியாத உயில் செல்லாது.

உண்மை: செல்லும். முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே தன் வயதொத்த கூட்டாளியை விட்டுவிட்டு இளையவர்களைப் பிடிப்பது புத்திசாலித்தனம். பதிந்து வைத்தால் சண்டைக்காரர்களின் வாய் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, தறி வீடு பையனுக்குத்தான்.

உண்மை: வழக்கம் அப்படி இருக்கலாம், சட்டம் அப்படி இல்லை. முன்கூடத்தில் குழித்தறி, பின்கட்டில் அடுப்பு என்று ஒரு நெசவாளி சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் இல்லாமல் அவர் இறக்கிறார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள், வயதான தாய். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. கிழவிக்குப் பங்கு உண்டு என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். அவரும் உயிலின்றிப் போனால் அந்தப் பங்கில் இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் வந்து நிற்பார்கள். தறிக்குழியை எத்தனை துண்டாக வெட்டுவது? பூர்வீகச் சொத்து என்று சொல்லித் தப்பவும் முடியாது. தமிழ்நாடு 1989-லேயே மகள்களுக்கு அதில் உரிமை தந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. மகனுக்கே வீடு போகவேண்டும் என்றால், சுயசம்பாத்தியச் சொத்தில் அதை உயிலாக எழுதத் தடையில்லை. எழுதாமல் விட்டுவிட்டு மகள்களைப் பேராசைக்காரிகள் என்பதுதான் அநியாயம்.

நம்பிக்கை: உயில் எதற்கு, இப்போதே மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் செய்துவிடலாம்.

உண்மை: செய்யலாம். ஆனால் உயிலை எத்தனை முறையும் மாற்றலாம்; செட்டில்மெண்டை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. செய்தே தீருவது என்றால், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் செட்டில்மெண்டை ரத்து செய்யக் கேட்க அந்த வரிதான் பிடிமானம்.

நம்பிக்கை: பாங்கில் நாமினி போட்டாச்சு, பணம் அவருக்கே.

உண்மை: நாமினி கையில் வாங்குபவர் மட்டுமே, உடைமை வாரிசுகளுக்கு. கம்பெனிப் பங்குகளுக்கும் இதையே 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம் என்பதால் இது மாறிவிடவில்லை.

நம்பிக்கை: அப்பா முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸை மகன் நெய்து கழிக்க வேண்டும்.

உண்மை: பட்டுத்தறி ஊர்களில் ஊறிப்போன இந்த நம்பிக்கை என்னைக் கோபப்படுத்துகிறது. அப்பாவின் கடன் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகளிடம் வரும். அவர்களின் உழைப்பின் மேல் வராது. அப்பன் கடனுக்காகப் பிள்ளையைத் தறியில் கட்டிப்போடுவதை 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அட்வான்ஸ் எவ்வளவு, கூலியில் பிடித்தது எவ்வளவு என்ற கணக்கு பெரும்பாலும் முதலாளி நோட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு சேலை கொடுக்கும்போதும் நெசவாளி தானும் ஒரு நோட்டில் குறித்து, அதை உயிலோடு வைத்துவிட்டுப் போவது நல்லது.