ஒல்லாந்தரின் ஏடுகளில் சோனகர்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படிக்கும் மாணவிகள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். கிரனாடாவின் வீழ்ச்சியும் ஒல்லாந்தரின் விடுதலைப் போரும் எங்களுக்கு எதற்கு? யாழ்ப்பாணத்தவரான வரலாற்றுப் பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினத்தின் (1930–1998) ஆய்வுகளில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. அதற்கு முன் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழில் ‘இலங்கைச் சோனகர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘மூர்’ என்றும் எழுதுவார்கள். சோனகர் என்பது தமிழில் நெடுங்காலம் வழங்கிவந்த சொல். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருவே இருக்கிறது. ‘மூர்’ வந்த வழி வேறு. வட ஆபிரிக்காவின் பழைய மௌரித்தானியா மக்களை உரோமர் அழைத்த பெயரிலிருந்து பிறந்தது அது. 711இல் தாரிக் இப்னு ஸியாத் ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஸ்பெயினில் கால்வைத்தார். அதன் பின் அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் அரபியராயினும் பேர்பராயினும், ஐபீரியக் கிறிஸ்தவர்களுக்கு எல்லாரும் ‘மூர்’தான். பல நூற்றாண்டுகள் விட்டுவிட்டு நடந்த போர் 1492இல் கிரனாடாவின் வீழ்ச்சியோடு முடிந்தது. ஆறே ஆண்டில் வஸ்கொடகாமா கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கினார்.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபோது, துறைமுகங்களில் வணிகம் செய்துகொண்டிருந்த தமிழ் பேசும் முஸ்லிம்களைக் கண்டனர். இவர்கள் கிரனாடாவைக் கண்டவர்களும் அல்லர், போர்த்துக்கலோடு வாளெடுத்தவர்களும் அல்லர். ஆனாலும் பழைய பகைவருக்கு வைத்த பெயரையே இவர்களுக்கும் வைத்தனர். பெயரோடு பகையும் வந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டி அரசன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதிவைத்தார். இடைக்கால ஸ்பெயினைப் படிக்காமல் இந்த நிகழ்ச்சியை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது.

ஒல்லாந்தர் வந்ததற்கும் காரணம் ஐரோப்பாவில்தான் இருந்தது. ஸ்பெயின் மன்னனுக்கு எதிராக அவர்கள் போராடிக்கொண்டிருந்த காலத்தில், 1580இல் போர்த்துக்கலும் அதே மன்னனின் கைக்குப் போயிற்று. லிஸ்பன் சந்தையை நம்ப முடியாத நிலை வந்ததால், மிளகும் கறுவாவும் விளையும் இடத்தையே தேடிப் புறப்பட்டனர். 1602இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி உருவாயிற்று. 1658 யூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமாயிற்று. நாற்சதுரமாக இருந்த அதை இடித்து, ஐந்து முனைகளோடு அவர்கள் கட்டியதுதான் இன்று பண்ணைப் பக்கம் நாம் காணும் வடிவம். பீரங்கிக்கு ஈடுகொடுப்பதற்காக இத்தாலியில் தோன்றிய கோட்டைக் கலை அது.

அரசரத்தினத்தின் முதல் நூல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1658 முதல் 1687 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் அதிகாரம் பற்றிய ஆய்வு அது. 1958இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இதற்காக அவர் 17ஆம் நூற்றாண்டின் ஒல்லாந்த மொழியை வாசிக்க வேண்டியிருந்தது. கம்பனியின் ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள், பதவி விட்டுப் போகும்போது அடுத்தவருக்கு எழுதிவைத்த அறிக்கைகள், துறைமுகக் கணக்குகள் எல்லாம் மலைபோலக் குவிந்து கிடப்பவை. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அந்த ஏடுகளை எழுதியவர்கள் நம்மவருக்கு நண்பர்கள் அல்லர். பாக்கு, துணி, யானை வணிகத்தைத் தம் கைக்குள் வைத்திருக்க விரும்பிய கம்பனிக்கு முஸ்லிம் வணிகர் போட்டியாளர். ஆட்சியின் கண்ணிலோ அவர்கள் அந்நியர். செட்டிகளோடு சேர்த்து அவர்கள்மேலும் ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலை சுமத்தப்பட்டது. ஆனால் போட்டியாளனைக் கண்காணிப்பவன் அவனைப் பற்றி நிறைய எழுதுவான். எந்தத் துறையிலிருந்து யாருடைய கப்பல் புறப்பட்டது, என்ன ஏற்றியது, அனுமதிச் சீட்டு வாங்கியதா என்றெல்லாம் கம்பனி குறித்துவைத்தது. அரசரத்தினம் அந்தக் குறிப்புகளைக் கம்பனியின் வெற்றிக் கதையாக வாசிக்கவில்லை. யாரை அடக்க அவை எழுதப்பட்டனவோ அவர்களுடைய வரலாற்றுக்கே சான்றாக எடுத்துக்கொண்டார். இதுவே அவருடைய பெருஞ்சாதனை என்பது என் எண்ணம்.

அப்படி வாசித்தபோது நாகப்பட்டினமும் நாகூரும் பரங்கிப்பேட்டையும் கீழக்கரையும் உயிர்பெற்றன. அங்கிருந்து மலாக்காவுக்கும் கெடாவுக்கும் அச்சேவுக்கும் துணி ஏற்றிச் சென்ற சூலியா முஸ்லிம் வணிகரைப் பற்றி அவர் தனிக் கட்டுரையே எழுதினார். 1650 முதல் 1740 வரையான சோழமண்டலக் கரை வணிகம் பற்றிய அவருடைய பெருநூல் 1986இல் வந்தது. ஐரோப்பியர் வந்த நாளிலேயே நம் வணிகம் விழுந்துவிட்டது என்ற கருத்தை அது மறுக்கிறது. வணிகர் வழி மாற்றினர், துறை மாற்றினர், கம்பனியோடு சேர்ந்தும் அதை ஏய்த்தும் நெடுங்காலம் நிலைத்தனர். அவருடைய நடை வறண்டது, கதைபோல ஓடாது என்பதை மாணவிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். பொறுமையாகப் படிப்பவருக்குப் பலன் உண்டு.

பேராதனையிலும் பின் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கற்பித்த அவர், ஒல்லாந்தப் பாதிரியார் வலன்டைன் எழுதிய இலங்கை வருணனையை 1978இல் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். வலன்டைன் இலங்கையில் வாழ்ந்தவர் அல்லர். பிறர் குறிப்புகளைத் திரட்டி எழுதியவர். ஒரு நூல் சொல்வதை ஏற்குமுன் அதை எழுதியவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்க, இதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது.

இந்த ஏடுகளுக்கு ஒரு பெருங்குறையும் உண்டு. கப்பல் தலைவனின் பெயர் இருக்கும்; வீட்டில் இருந்து கடனையும் காணியையும் கவனித்த அவன் மனைவியின் பெயரை அதில் காண்பது அரிது. பெண்களைத் தேட வேண்டுமானால் காணித் தோம்புகளுக்கும், சீதனம் பற்றிப் பேசும் 1707ஆம் ஆண்டின் தேசவழமைத் தொகுப்புக்கும் போக வேண்டும். ஆனால் தேசவழமை யாழ்ப்பாணத் தமிழரின் வழமை. சோனகப் பெண்ணின் கதை அதில் இல்லை.

அது வேறெங்கே இருக்கும்? வீட்டு அலுமாரிகளில், காணி உறுதிகளில், நிக்காஹ் பதிவுகளில், கடைக் கணக்குகளில் இருந்திருக்கும். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகளின் கட்டளையால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்துள் ஊரை விட்டுப் போக நேர்ந்தது. வீட்டுப் பொருள்களோடு இந்தத் தாள்களிலும் பல பின்னால் நின்றுவிட்டன. ஆகவே சோனகத் தெருவின் வரலாற்றை நாளை எழுத வருபவருக்கும் அரசரத்தினத்தின் நிலைதான்: பிறர் எழுதிய ஏடுகளில் நம்மவரைத் தேட வேண்டும். ஒரு வசதி மட்டும் அவருக்குக் கூடுதலாக இருக்கிறது. அந்த வீடுகளில் வாழ்ந்த உம்மம்மாக்கள் சிலர் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் இன்னும் இருக்கிறார்கள். எந்த வளவு யாருடையது, எந்தக் கடையில் யார் இருந்தார் என்று அவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.